லூகர் கைத்துப்பாக்கி: மதிப்பீட்டாளரின் மேசையில்

ஹியூகோ போர்ஷார்ட் அமைத்த பொறியைக் கெயார்க் லூகர் திருத்திச் சுருக்கி உருவாக்கிய கைத்துப்பாக்கி, ஜெர்மானியத் தரைப்படை 1908இல் அதனை ஏற்றுக்கொண்டதால் 'பி 08' எனப் பெயர் பெற்றது. இரு உலகப் போர்களிலும் கைப்பற்றப்பட்ட துப்பாக்கிகளை வீரர்கள் நினைவுப்பொருளாகத் தாயகத்துக்குக் கொண்டுசென்றமையால், அமெரிக்காவின் ஏலக்கூடங்களிலும் சேகரிப்பாளர் சந்தைகளிலும் அது இன்றும் மதிப்பீட்டுக்கு வந்தவண்ணம் உள்ளது.

மதிப்பீட்டாளர் முதலில் செய்வது விலை பேசுவதன்று. தோட்டாக்கூட்டைக் கழற்றி, முழங்கால் மடிவதுபோல் மேல்நோக்கி மடியும் இணைப்பைப் பின்னிழுத்து, அறையில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்வதாகும். அறையில் தோட்டா இருந்தால் மேலே எழும் சிறு பற்றியின் பக்கவாட்டில், 'நிரப்பப்பட்டது' எனப் பொருள்படும் 'கெலாடன்' என்ற ஜெர்மன் சொல் பொறிக்கப்பட்டிருக்கும்.

அடுத்து வருவது எண் பார்த்தல். படைக்கெனச் செய்த துப்பாக்கியின் சட்டத்திலும் குழலிலும் முழு வரிசை எண்ணும், சிறு உறுப்புகளில் அதன் கடைசி இரண்டு இலக்கங்களும் அடிக்கப்பட்டன. எனவே 4682 என்ற எண்ணுள்ள துப்பாக்கியின் விசையிலோ பூட்டுநெம்பிலோ 82க்குப் பதிலாக 17 தென்பட்டால், அவ்வுறுப்பு வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது என்பது வெளிப்பட்டு, விலை இறங்கிவிடும். எண்வரிசை ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கியதால், எண்ணை அறையின் மேலுள்ள ஆண்டோடும், எண்ணின் கீழுள்ள எழுத்தோடும் சேர்த்தே படிக்க வேண்டும். மௌசர் ஆலை தன் பெயரை மறைத்து 'எஸ்/42' என்ற குறியீட்டை இட்ட காலத்தில், 1934க்குக் 'கே' என்றும் 1935க்கு 'ஜி' என்றும் ஆண்டுக்குப் பதிலாக எழுத்துகளே அடிக்கப்பட்டன. 'கே' எழுத்துள்ளவை குறைவாகவே செய்யப்பட்டமையால் அவற்றைச் சேகரிப்பாளர் பெரிதும் நாடுகின்றனர்.

மிகுந்த பொறுமை தேவைப்படுவது மேற்பரப்பைப் படிப்பதில்தான். எஃகை வேண்டுமென்றே துருப்பிடிக்கச் செய்து, கொதிநீரில் இட்டுச் செந்துருவைக் கருநீலமாக மாற்றி, துலக்கி, மீண்டும் மீண்டும் அதையே செய்வது பழைய 'துரு நீலமிடல்' முறையாகும். அக்காலத்தில் விசை, காப்புநெம்பு போன்ற சிற்றுறுப்புகள் சூடேற்றலால் வைக்கோல் நிறம் பெற்றன. ஏறத்தாழ 1937இல் மௌசர் உப்புக்கரைசல் முறைக்கு மாறியபின் அவையும் நீலமாயின. ஆகவே 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் விசை நீலமாக மின்னினால், அது பிற்காலத்தில் கைபட்டது என ஐயுறலாம். மறுநீலம் இட்டவர் முன்னதாக மெருகேற்றியிருப்பார். அதனால் கூர்விளிம்புகள் மழுங்கி, முத்திரைகள் ஆழம் இழக்கும். லென்ஸின் கீழ், பழைய துருக்குழியின் அடியிலும் புதிய நீலம் படிந்திருப்பது தெரிந்தால் ஐயம் தீர்ந்துவிடும். ஏனெனில் ஆலையில் இட்ட நீலத்தைத் தின்றபின்னரே அக்குழி உண்டாகியிருக்க வேண்டும்.

அதே எண் கொண்ட தோட்டாக்கூடு, காலத்துக்குரிய தோலுறை, போர்ப்பொருளைக் கொண்டுசெல்ல வீரருக்கு மேலதிகாரி அளித்த அனுமதித் தாள் ஆகியவை மதிப்பைக் கூட்டுவன. இறுதி விலையை, விற்பவர்கள் கேட்கும் தொகையைக் கொண்டன்றி, ஒத்த நிலையிலுள்ளவை ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையைக் கொண்டே மதிப்பீட்டாளர் கணிக்கிறார்.

உறையில் நுழைத்து எடுத்ததால் குழல் முனையில் தேய்ந்த நீலத்தைச் சந்தை பொறுத்துக்கொள்கிறது. அத்தேய்வை மறைக்கப் பூசிய நீலத்தையோ பொறுப்பதில்லை. அதனாலேயே, துப்பாக்கியைப் பளபளவென்று துலக்கிக் கொண்டுவரும் உரிமையாளர், எதற்காகத் துலக்கினாரோ அந்த விலையையே தம் கையால் துடைத்தெடுத்தவராகிறார்.