வேதாகமத்தின் முதல் பக்கம்

எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் என் கொள்ளுத்தாத்தா தம் பிள்ளைகள் ஐந்து பேரின் பெயரையும் பிறந்த நாளையும் ஞானஸ்நானம் பெற்ற நாளையும் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் பிறந்தவர்கள் ஆறு பேர். மூத்த ஆண் குழந்தை ஞானஸ்நானத்துக்கு முன்பே பெரியம்மையில் இறந்துவிட்டதாம். அது பிறந்த ஆண்டோ, வீட்டில் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதோ இன்று யாருக்கும் தெரியாது. பின்னால் பிறந்த ஐவருக்கும் மறக்காமல் அம்மை குத்தினார்கள். பாட்டியின் கையில் காசு அளவுத் தழும்பு இருக்கிறது. அதுவும் எழுதப்படவில்லை.

பெரியம்மைத் தடுப்பூசி என்றால் நாம் வாழும் இந்த இங்கிலாந்தின் எட்வர்ட் ஜென்னர்தான் நினைவுக்கு வருவார். 1796 மே 14 அன்று ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனுக்கு அவர் மாட்டம்மைப் பாலை வைத்தார். ஆனால் 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1774-இல், டார்செட்டைச் சேர்ந்த விவசாயி பெஞ்சமின் ஜெஸ்டி அதைச் செய்திருந்தார். மாட்டம்மை வந்து போன பால்காரப் பெண்களைப் பெரியம்மை தொடவில்லை என்பதைக் கவனித்தவர் அவர். ஊரில் நோய் பரவியபோது, தம் மனைவிக்கும் இரண்டு சிறு மகன்களுக்கும் ஊசியால் கீறி மாட்டம்மைப் பாலை வைத்தார். மனைவியின் கை வீங்கி, காய்ச்சலும் வந்தது. ஊரார் ஏசினார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

ஜெஸ்டி எதையும் எழுதி வெளியிடவில்லை. ஜென்னரோ தாம் கண்டதை ஆள் ஆளாகக் குறித்து 1798-இல் நூலாக்கினார். அதைப் படித்து உலகமே பின்பற்றியது. ஜெஸ்டி 1816-இல் இறந்தபின், அவர் தம் மனைவி மக்களுக்குச் செய்ததைக் கல்லறைக் கல்லில் ஆண்டோடு பொறித்து வைத்தார்கள். வொர்த் மாட்ராவர்ஸ் ஆலய வளாகத்தில் அதை இன்றும் வாசிக்கலாம்.

1980-இல் பெரியம்மை ஒழிந்ததாக உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. அம்மாவின் கையில் இருக்கும் தழும்பு என் கையில் இல்லை. அந்தத் தலைமுறையோடு அந்த அடையாளமும் மறைந்துவிடும்.

இங்கே புதிய மருத்துவரிடம் பதிவு செய்யும்போது, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது, என்னென்ன ஊசி போட்டிருக்கிறது என்று கேட்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்த நம் பெற்றோரில் பலரிடம் அந்தச் சீட்டுகள் இல்லை, நினைவுதான் இருக்கிறது.

வாலிபரே, இந்த வாரம் தாத்தா பாட்டிக்குப் போன் செய்யும்போது ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தவர்கள் எத்தனை பேர், இறந்தவர்கள் யார், எந்த நோயில், யாருக்கு எந்த ஊசி என்று கேட்டு, தேதியோடு எழுதுங்கள். ஞானஸ்நானம் பெறாமல் போன சிசுக்களின் பெயரையும் விடாமல் கேளுங்கள்.