காலடியில் ஒரு பெட்டி

என் தம்பி மகன் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவன். அவன் காலடியில் ஒரு பெடல் பெட்டி. ஒரு விசையை மிதித்தால் நாதம் கரகரக்கிறது; இன்னொன்றை மிதித்தால் வாசித்ததே எதிரொலியாகத் திரும்புகிறது; மற்றொன்று சின்ன அறையைப் பெரிய மண்டபமாக்கிவிடுகிறது.

"இந்தக் கரகரப்பு ஒரு பழுதிலே பிறந்தது, பெரியப்பா" என்றான். அமெரிக்காவில், நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தபோது கருவி கெட்டு, கிராடி மார்ட்டினின் பாஸ் கிட்டார் கரகரத்துவிட்டது. நீக்காமலே 1961ல் வெளியிட்டார்கள். பதிவு செய்த கிளென் ஸ்னாடியின் முயற்சியால், அதே ஓசையை வேண்டும்போது எழுப்பும் பெட்டி 1962ல் கடைக்கு வந்தது.

பிறகு எல்லா விசைகளையும் அணைத்துவிட்டு வாசித்தான். இரண்டு இடங்களில் விரல் தடுக்கிற்று. எதிரொலியில் அது என் காதில் விழவேயில்லை.

"தினம் முதலில் இப்படித்தான் வாசிப்பேன். இல்லாவிட்டால் பிழை எனக்கே தெரியாது."

வீடு திரும்பி, எழுதிக்கொண்டிருந்த நாவலை எடுத்தேன். தாயார் இறக்கும் அத்தியாயம். இடியையும் மழையையும் அணைந்த விளக்கையும் அடித்துவிட்டுப் படித்தேன். மிஞ்சியது ஒரே வரி, மகன் கதறினான் என்று. அதுவும் பொய். என் அம்மா போன அன்று நான் அழவில்லை.

அந்த வரியையும் அடித்தேன். இனிமேல்தான் எழுத வேண்டும்.