யந்திரம் இருந்தால் போதுமா?

‘ஸ்கேன்’ என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு நினைவுக்கு வருவது பிள்ளைத்தாய்ச்சிதான். கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகையும் கூடவே நினைவுக்கு வரும். அந்த யந்திரத்துக்கு வேறு வேலையும் உண்டு என்று நான் தெரிந்துகொண்டது ஸ்ரீரங்கத்திலுள்ள என் சித்தி பிள்ளையால்தான்.

திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்தவன், மாம்பழச்சாலை அருகே ஸ்கூட்டர் சறுக்கி விழுந்துவிட்டான். வெளியே சிராய்ப்பு மட்டும்தான். “ஒன்றுமில்லை, அம்மா” என்றான். ஆனால் முகம் வெளிறிப் போயிருந்தது. ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனோம்.

இளம் லேடி டாக்டர் ஒருவர் சக்கரம் வைத்த யந்திரத்தைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்தார். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில், இதயத்தைச் சுற்றி என்று நான்கு இடங்களில் பார்த்தார். சில நிமிஷங்கள்தான். இடது பக்கம் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. ஒலி அலையை ரத்தம் திருப்பி அனுப்பாது. அதனால் திரையில் கறுப்பாகத் தெரியுமாம். “உள்ளே ரத்தம் கசிகிறது, சர்ஜனைக் கூப்பிடுங்கள்” என்றார்.

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, இந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியுமா?”

பையன் பிழைத்துக்கொண்டான். சித்தியின் கேள்விதான் என்னை விடவில்லை.

இந்த யந்திரத்தின் பூர்வோத்தரம் சுவையானது. 1955-ல் கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ டாக்டர் இயான் டொனால்ட், ரென்ஃப்ரூவில் இருந்த ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் விரிசலை ஒலி அலையால் கண்டுபிடிக்கும் கருவி அங்கே இருந்தது. ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அதில் சோதித்துப் பார்த்தார். 1958-ல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரை ‘லான்செட்’ பத்திரிகையில் வெளிவந்தது.

திருச்சிக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். திருவெறும்பூர்ப் பக்கம் பி.எச்.இ.எல். தொழிற்சாலை பாய்லர் செய்கிற இடமல்லவா? வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று ஒலி அலையால் சோதிக்கும் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் நிலைக்காரர் மேற்பார்வையில் கருவியை இயக்கலாம். தாமே முடிவு சொல்ல வேண்டுமானால் பயிற்சி, அனுபவம், பரீட்சை மூன்றையும் முடித்து இரண்டாம் நிலைச் சான்றிதழ் பெற வேண்டும். இரும்புக் குழாய்க்கே இத்தனை காபந்து என்றால், மனித வயிற்றுக்கு வேண்டாமா?

மறுநாள் அந்த டாக்டரையே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாம் பார்த்த ஒவ்வொரு ஸ்கேனையும் குறித்து, மூத்த டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட நோட்டைக் காட்டினார். அமெரிக்க அவசர மருத்துவர் சங்கத்தின் நெறிமுறையில், ஒவ்வொரு வகைச் சோதனையையும் 25 முதல் 50 தடவை இப்படிச் செய்து பழக வேண்டும் என்று இருக்கிறது.

“கோடு தெரிந்தால் ரத்தம் இருக்கலாம். தெரியாவிட்டால் ரத்தமே இல்லை என்று அடித்துச் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும்” என்றார்.

நம் நாட்டில் அவசர மருத்துவ மேற்படிப்புக்கு 2009-ல்தான் அங்கீகாரம் கிடைத்தது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் யந்திரங்களைப் பதிவு செய்ய வேண்டும். வயிற்று ஸ்கேன் பார்க்க விரும்பும் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 6 மாதம், 300 மணி நேரப் பயிற்சி என்று 2014-ல் விதியும் வந்தது. உசிலம்பட்டியின் கதை தெரிந்த நாம் இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் யந்திரம் தப்பான காரியத்துக்குப் போய்விடக் கூடாது என்பது ஒரு கவலை. அதைப் பிடித்த கைக்குத் தேர்ச்சி இருக்கிறதா என்பது வேறு கவலை.

நடுராத்திரியில் ஸ்கேன் நிபுணர் வரும்வரை ரத்தம் காத்திருக்காது. கட்டிலருகே நிற்கும் டாக்டரே பார்த்தாக வேண்டும். அந்த நேரத்தில், “எத்தனை பார்த்திருக்கிறீர்கள்?” என்று எந்தத் தாயால் கேட்க முடியும்? ஆகவே ஆஸ்பத்திரியே முன்கூட்டிக் கேட்டுவிட வேண்டும். இந்த ஸ்கேனைத் தனியாகப் பார்க்கத் தேர்ச்சி பெற்ற டாக்டர்கள் இன்னார் என்று அவசரப் பிரிவு வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தால், பதறிக்கொண்டு வருகிறவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்!