துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்?

ஒரு விவசாயி வீட்டில் எத்தனை எண்ணெய் இருக்கும்னு நினைக்கறீங்க? அடுப்படியில் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய். சாமி மாடத்தில் விளக்கெண்ணெய். பயிருக்குத் தெளிக்க வேப்பெண்ணெய். டிராக்டர் கொட்டகைக்குப் போனால் என்ஜின் ஆயில், கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், ஒரு டப்பா கிரீஸ். அம்மாவின் தையல் மிஷினுக்கு மூக்கு நீண்ட ஒரு சின்னக் குப்பி. இத்தனையும் இருக்க, ஒரு சாண் நீளக் கைத்துப்பாக்கிக்கு எந்த எண்ணெய் போடுவது என்று இந்த மார்கழியில் எங்கள் திண்ணையில் ஒரு மதியம் முழுக்கப் பஞ்சாயத்து நடந்தது.

துப்பாக்கி பெரியப்பாவுடையது. அவருக்கு 76 வயசு. ஒரு காலத்தில் மஞ்சள் யாவாரம் பண்ணினார். ஈரோட்டு மார்க்கெட்டில் மூட்டை போட்டுவிட்டு, பணத்தை மடியில் கட்டிக்கொண்டு ராத்திரியில் ஊர் திரும்புவார். அந்த நாளில் வாங்கிய லைசென்ஸ். காண்பூர் அரசாங்கத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர், ஆறு தோட்டா பிடிக்கும். நம்ம நாட்டுச் சட்டப்படி 9 மில்லிமீட்டர் மாதிரி ராணுவத் தோட்டாக்கள் சாதாரண ஆளுக்குக் கிடையாது. அதனால் லைசென்ஸ்காரர்கள் இடுப்பில் இருப்பது பெரும்பாலும் இந்த .32தான். இத்தனை வருசத்தில் அதை வைத்து அவர் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. ஆனாலும் தோட்டத்துச் சாளைக்குப் படுக்கப் போகும்போது அது இடுப்பில் இல்லாவிட்டால் அவருக்கு நடையே வராது.

2024 தேர்தலுக்கு எல்லாரையும் போல அவரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினார். மார்ச்சில் கொடுத்தது, ஜூனில்தான் கைக்கு வந்தது. கொடுக்கும் முன்னால் துருப் பிடிக்கக் கூடாது என்று தேங்காய் எண்ணெயை உள்ளும் புறமும் தாராளமாகத் தடவிக் கொடுத்திருக்கிறார். வாங்கி வந்த பிறகும் அதே வைத்தியம்தான். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. மார்கழிப் பனி இறங்கியதும் சிலிண்டர் சுத்த மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. தோட்டாவை வெளியே தள்ளும் கம்பி பாதி வழியில் நின்றுவிட்டது.

அந்த வாரம் அக்கா மகள் கோயமுத்தூர் காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். அவள் 25 மீட்டர் பிஸ்டல் சுடுகிறவள். பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கிய அந்த ஜூலையில் ஆரம்பித்த பைத்தியம். பெரியப்பா ரிவால்வரை எடுத்து நீட்டினார்.

"நான் தொட மாட்டேனுங் அப்புச்சி. லைசென்ஸ் உங்க பேர்ல இருக்குது. நீங்களே பண்ணுங்க, நான் சொல்றேன்."

முதலில் தோட்டாவை எல்லாம் எடுத்துத் துண்டில் வரிசையாக வைக்கச் சொன்னாள். ஆறையும் வாய்விட்டு எண்ணச் சொன்னாள். ஆறு குழியும் காலி என்று என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னாள். "ஏம்மிணி, எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று முணுமுணுத்தபடியே பெரியப்பா எண்ணினார்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைந்து போகும். இது நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும், மார்கழி காலையில் புட்டியை வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்ப்பாங்க. உறைவதாவது பரவாயில்லை, கொஞ்சம் சூடு காட்டினால் இளகிவிடும். அதைவிடப் பெரிய வில்லங்கம், செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வரும் எண்ணெய் எதுவும் காற்றுப் பட்டு நாள் போகப் போகப் பிசின் மாதிரி ஆகிவிடும். தேங்காய் எண்ணெயில் இது மெதுவாக நடக்கும், மற்றதில் சீக்கிரம் நடக்கும். தோசைக்கல் ஓரத்தில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு, புளி போட்டுத் தேய்த்தாலும் போகாதே, அதேதான். விளக்கெண்ணெய்க்கு வழவழப்பு ரொம்ப அதிகம். முதல் உலகப்போர் விமான என்ஜின்களில் அதைத்தான் ஊற்றினார்கள், காஸ்ட்ரால் கம்பெனியின் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அதுவும் பிசினாகும். தினமும் சூடேறி ஓடும் என்ஜினுக்கு ஆகலாம். மாசக்கணக்கில் தூங்கும் ரிவால்வருக்கு ஆகாது.

"அப்போ நீ போடறதையே எனக்கும் குடு" என்றார் பெரியப்பா. அங்கேதான் எனக்கு விசயம் பிடிபட்டது. அவள் கொடுக்க மாட்டேன் என்றாள்.

"என் பிஸ்டல் தினமும் தலைக்குக் குளிக்கிற புள்ளை. உங்களுது குளிக்காம, அழுக்குத் துணியோட தூங்கற புள்ளை. ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் ஆகுமுங்களா?"

அவளுடையது .22 பிஸ்டல், ஒவ்வொரு முறை சுட்டதும் தானாகவே பின்னால் போய் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். போட்டியின் வேகச் சுற்றில் இலக்கு 3 விநாடிதான் முகம் காட்டும், பிறகு 7 விநாடி மறைந்துகொள்ளும். அந்த 3 விநாடியில் இரும்பு இரும்பின் மேல் தயங்காமல் வழுக்க வேண்டும். .22 தோட்டாவின் ஈயத்துக்கு மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். அதோடு வெடிமருந்துக் கரியும் சேர்ந்து உள்ளே பிசுபிசுவென்று ஆகிவிடும். ஆகவே தண்ணி மாதிரி லேசான எண்ணெயாகக் கொஞ்சம் ஈரமாகவே போட்டுச் சுட்டுவிட்டு, சாயங்காலமே பிரித்துத் துடைத்துவிடுவாளாம். எண்ணெய் ஒரு நாள் தாங்கினால் அவளுக்குப் போதும். வழுக்குகிற இடத்துக்குக் கிரீஸ், சுழல்கிற இடத்துக்கு எண்ணெய் என்பது அவள் கோச் சொல்லிக்கொடுத்த கணக்கு. காற்றால் சுடும் 10 மீட்டர் பிஸ்டல் பக்கம் மட்டும் இந்த எண்ணெய் எதுவும் போகக் கூடாதாம். அமுக்கி அடைத்த காற்றில் பெட்ரோலிய எண்ணெய் கலந்தால் பற்றிக்கொள்ளும். அதற்கு சிலிக்கான் கிரீஸ்தான், அதுவும் சொன்ன இடத்தில் மட்டும்.

பெரியப்பாவுடையதற்கு வேகம் வேண்டாம். அதற்கு எதிரி வேர்வை. இடுப்பிலேயே கிடக்கிறது, உப்பு வேர்வை, மண் தூசி, வேட்டிப் பஞ்சு எல்லாம் ஒட்டுகிறது. அதில் எண்ணெயையும் வழிய விட்டால் அத்தனை தூசியும் சேர்ந்து அரைத்த மாவு மாதிரி ஆகிவிடும். 2003-ல் ஈராக்கில் நசிரியா என்ற ஊரில் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று வழி தவறி மாட்டிக்கொண்டபோது, பலருடைய துப்பாக்கிகள் சுட மறுத்தன. பாலைவனத் தூசியில் சரியாகப் பராமரிக்காதது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் ராணுவ அறிக்கையே சொன்னது. உலகத்திலேயே காசு செலவழிக்கிற படைக்கே அந்தக் கதி.

சரி, கடையில் என்ன வாங்குவது? எங்க தாத்தா காலத்தில் ரங்கூன் ஆயில் என்பார்களாம். பர்மா மண்ணில் எடுத்த எண்ணெய், வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கிக்கென்றே பேர் போனது. பெரியப்பா அந்தப் பேரைச் சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினார், வாசனை ஞாபகம் வந்துவிட்டது போல. பூமிக்கடியிலிருந்து வரும் எண்ணெய் லேசில் பிசினாகாது, அதுதான் அதன் சூட்சுமம். ஜெர்மனியில் 1904-ல் வந்த பாலிஸ்டால் இன்னமும் ஓடுகிறது. சுத்தம் செய்ய, வழுக்க, துருத் தடுக்க மூன்றுக்கும் ஒன்று என்று அமெரிக்க ராணுவம் கொண்டுவந்த சிஎல்பி வகையும் உண்டு. ஹாப்பீஸ் 9 என்று ஒரு புட்டி விற்பார்கள், அது கரியைக் கரைக்கும் மருந்து, துடைத்துவிட்டுத் தனியாக எண்ணெய் போட்டாக வேண்டும். நம்ம ஆளுங்க எதற்கெடுத்தாலும் பீய்ச்சுகிற டபிள்யூடி-40, ஈரத்தை விரட்டுவதற்கென்று 1953-ல் செய்தது. மழையில் நனைந்த துப்பாக்கிக்கு நல்லது. ஆனால் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மாசக்கணக்கில் காவல் காக்காது. சந்து பொந்தெல்லாம் இறங்குகிற குணமும் அதற்கு உண்டு. தோட்டாவின் கேப்புக்குள் இறங்கிவிட்டால் அந்தத் தோட்டா செத்துப் போகலாம். வேண்டிய நேரத்தில் 'டிக்' சத்தம் மட்டும்தான் வரும்.

நான் டிராக்டருக்கு வாங்கிய புது சிந்தெடிக் என்ஜின் ஆயிலைக் காட்டினேன். தள்ளிவிடவில்லை. "ஆவசரத்துக்கு ஆகும் மாமா, துருவைத் தடுக்கறதுல துப்பாக்கி எண்ணெய் அளவுக்கு வராது" என்றாள். வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயில் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் அமிலமும் இரும்புப் பொடியும் இருக்கும்.

என் கேட்டால், பெயரைவிட அளவுதான் முக்கியம். எண்ணெய் போடுவதற்கு மாட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தேன், புதுசு. சிலிண்டர் சுழலும் தண்டில் ஒரு சொட்டு, தள்ளும் கம்பியில் ஒரு சொட்டு, சுத்தியல் கொண்டையின் அடியில் ஒரு சொட்டு. வெளி இரும்பெல்லாம் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, கைரேகை மறைகிற அளவுக்கு. ஆறு குழியும் குழலின் உள்பக்கமும் கடைசியில் காய்ந்த துணியால் துடைத்தே ஆக வேண்டும். தோல் உறையில் வைத்தே பெட்டியில் பூட்டுகிற பழக்கத்தையும் விடச் சொன்னாள், தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்குக் கொடுக்கும்.

துப்பாக்கி எண்ணெய் என்றதும் எனக்கு 1857தான் ஞாபகம் வரும். என்ஃபீல்டு தோட்டாவின் காகிதத்தில் தடவிய கொழுப்பு பசுவினுடையதா பன்றியுடையதா என்று கிளம்பிய பேச்சு, மீரட்டில் போய் வெடித்தது. அவரவர் இஷ்டப்பட்ட மெழுகையும் எண்ணெயையும் தடவிக்கொள்ளலாம் என்று வெள்ளைக்காரன் அதற்கு முன்பே சொல்லிப் பார்த்தான், யாரும் நம்பவில்லை. வேலூரில் 1806-ல் தலைப்பாகை, வடக்கே கொழுப்பு. தடவுகிறவனை ஒரு வார்த்தை கேட்காமல் எண்ணெய் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

பழைய பிசினை எல்லாம் கரைத்தெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆச்சு. சிலிண்டர் சுத்தியது, கம்பி முழுசாகப் போய் வந்தது. பெரியப்பா முகத்தில் கன்றுக்குட்டி எழுந்து நின்றதைப் பார்த்த சந்தோசம். பிறகு தோட்டாவை ஒவ்வொன்றாகத் திரும்பக் குழியில் வைக்கப் போனார். முதலாவது உள்ளே போனது. இரண்டாவது குழியின் விளிம்பில் தட்டிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. கை நடுங்கியது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. எண்ணெயைப் பற்றி அவ்வளவு பேசிய புள்ளை அப்போது ஒன்றுமே பேசவில்லை. உருண்டுபோன தோட்டாவை நான்தான் எடுத்துத் துண்டில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "தம்பி, லைசென்ஸ் எப்பக் கட்டோணும்?"

சித்திரையில் முடிகிறது. முன்னே மூன்று வருசம், இப்போது புதுப்பித்தால் ஐந்து வருசத்துக்குக் கொடுக்கிறார்கள். அப்படியானால் அடுத்த முறை அவருக்கு 81.

"அஞ்சு வருசம் எதுக்கு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. நாற்பது வருசம் ராத்திரியில் தனியாக நடந்த மனுசனிடம் அதை எப்படிச் சொல்வது?

அன்றைக்கு ரிவால்வர் தோட்டா இல்லாமலே பெட்டிக்குள் போனது. தோட்டாக்கள் வேறு டப்பாவில், வேறு பீரோவில். சாளைக்குப் போகும்போது இப்போது டார்ச்சும் நாயும்தான் கூடப் போகின்றன. மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் திண்ணையில் துண்டு விரித்து உட்காருவார். நான் அவர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, சிரிஞ்சில் எண்ணெய் இழுத்துக் கொடுப்பேன். மூன்று சொட்டையும் அவரேதான் போடுகிறார்.