நரை சொன்ன மறையுரை

நம் பங்குக் கோவிலின் சக்கறிஸ்துவில், திருவுடைகள் வைக்கும் அலமாரிக்கு அருகே ஒரு சிறிய கண்ணாடி தொங்குகிறது. திருப்பலிக்குப் புறப்படும் குருவானவர் தம் உடை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்காக, எந்தக் காலத்துப் பங்குத்தந்தையோ மாட்டி வைத்தது. இரசம் போன அந்தக் கண்ணாடியில் உடையைவிட முகமே முதலில் தெரிகிறது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு அது அவ்வளவு இன்பமான காட்சி அன்று.

இக்கட்டுரையை எழுத நாம் சற்றுத் தயங்கினோம். நம் தவறு ஒன்றை இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறர் குறைகளைக் கேட்டே பழகிவிட்ட காதுகளுக்கு, சொந்த வாய் பேசும்போது கூச்சமாக இருக்கிறது. ஆயினும் சொல்கிறோம்.

சென்ற தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு. அன்றைய நற்செய்தி ஆண்டவரின் உருமாற்றம். மலைமேல் அவருடைய முகம் கதிரவனைப்போல் ஒளிர்ந்ததை விளக்கிக்கொண்டிருந்த நாம், "இன்று நம்முடைய முகத்தை ஒளிரச் செய்ய மலையேற வேண்டியதில்லை, நேரு வீதிக் கடைகளுக்குப் போனால் போதும்" என்றோம். கோவிலில் சிரிப்பொலி எழுந்தது. அது நம்மை ஊக்கியது. களிம்புகளை விட்டுத் தலைச்சாயத்துக்கு வந்தோம். குருமடத்தில் படித்த தெர்த்துல்லியனை நினைவின் பரணிலிருந்து இறக்கினோம். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கார்த்தேஜ் நகரில், கிறிஸ்தவப் பெண்களின் அலங்காரத்தைக் கண்டித்து எழுதியவர் அவர். ஒரு மயிரைக்கூட வெண்மையாக்கவோ கருமையாக்கவோ மனிதனால் இயலாது என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கூறியதைச் சுட்டிக்காட்டி, சாயம் பூசுகிறவர்கள் ஆண்டவரையே பொய்யராக்கப் பார்க்கிறார்கள் என்ற பொருள்பட அவர் வாதிடுகிறார். நரையைக் கருப்பாக்குகிறவர்கள் முதுமைவரை வாழ்ந்ததற்கே வருந்துகிறவர்கள் என்றும் இடிக்கிறார். ஆண்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதையும் சொன்னோம். "ஆண்டவரால் இயலாதென்று சொல்லப்பட்டதைச் சில்லறைக் காசுப் பொட்டலம் செய்து காட்டுகிறது" என்று முடித்தபோது மீண்டும் சிரிப்பு. நல்ல மறையுரை ஆற்றிய நிறைவோடு அன்று மதியம் உறங்கினோம்.

மாலையில் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். ஞாயிறுதோறும் ஆண்கள் பகுதியில் மூன்றாம் வரிசையில் அமர்பவர். தலை கருகருவென்றிருந்தது.

"தோத்திரம் சாமி. காலையில நீங்க சொன்னது என்னைப் பார்த்துத்தானே?"

இல்லை என்றோம். உண்மையில் அவர் நம் நினைவிலேயே இல்லை. அது இன்னும் பெரிய குற்றம் என்று பிறகுதான் தோன்றிற்று.

"இது பாவமா சாமி? பாவம்னா சொல்லிடுங்க. நன்மை எடுக்காம இருந்துக்கறேன். ஆனா சாயத்தை விட முடியாது."

அவர் ஆலைத் தொழிலாளி. புதுச்சேரியில் இச்சொல்லுக்கு ஒரு காலத்தில் எவ்வளவு மதிப்பிருந்தது என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். 1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு பஞ்சாலையின் சங்கொலியில் முதலியார்பேட்டையே விழித்த காலம் அது. 1936 ஜூலை 30இல் உரிமை கேட்ட தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான மண் இது. 2011 டிசம்பரில் வீசிய தானே புயல் அந்த ஆலையைச் சீர்குலைத்தது. 2020 ஏப்ரல் இறுதியோடு அது முறைப்படி மூடப்பட்டது. ஊரின் மற்ற ஆலைகளும் ஓய்ந்துவிட்டன. கட்டடங்கள் நிற்கின்றன. தறியைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர்கள் தெருவில் நின்றார்கள்.

நம்மைத் தேடி வந்தவர் அப்படி நின்றவர்களில் ஒருவர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். பல இடங்களில் அலைந்து, கடைசியில் ஒரு பெரிய கடையின் வாசலில் காவலாளி வேலை கிடைத்தது. வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தில் முதல் நாளே சொல்லிவிட்டார்களாம்: வாசலில் நிற்கிறவன் கிழவனாகத் தெரியக்கூடாது.

"வயசை நான் மறைக்கல சாமி. ஆதார் அட்டையில அப்படியேதான் இருக்கு. அவங்களுக்கும் தெரியும். வயசு இருந்தா பரவாயில்ல, தெரியத்தான் கூடாதுங்கறாங்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம் பூசறேன். வேர்ல வெள்ளை தெரிஞ்சா மேஸ்திரி பார்த்துடுவாரு."

நாம் ஏதோ சொன்னோம். பாவமில்லை என்றோம். பிழைப்புக்காகச் செய்வது வேறு, அகந்தைக்காகச் செய்வது வேறு என்றோம். தலையாட்டிவிட்டுப் போனார். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அன்றிரவு மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தோம். தொண்ணூறு வயது முதியவர் எலயாசர். விலக்கப்பட்ட இறைச்சியை உண்ணும்படி அரசனின் ஆட்கள் வற்புறுத்துகிறார்கள். பழைய நண்பர்கள் அவரைத் தனியே அழைத்து, உண்ணத்தக்க இறைச்சியையே கொண்டுவந்து, அரசனின் கட்டளையை நிறைவேற்றியதுபோல் நடித்தால் போதும் என்கிறார்கள். அவர் மறுக்கிறார். தம் நரைக்குரிய மாண்பை எண்ணி மறுக்கிறார் என்கிறது திருநூல். இந்த வயதில் தாம் நடித்தால் இளைஞர்கள் வழி தவறுவார்கள் என்பது அவருடைய கவலை. நடிப்பு என்பதற்காக மட்டும் அவர் நடிப்பை வெறுக்கவில்லை. அதனால் யார் ஏமாறுவார், எதில் ஏமாறுவார் என்று எண்ணிப் பார்த்தார். நம் காவலாளியின் சாயத்தால் ஏமாறுகிறவர் எவருமில்லை. கேட்பவருக்கும் தெரியும், பூசுகிறவருக்கும் தெரியும். அப்படியிருக்க, தெர்த்துல்லியனின் சாட்டையை யார் முதுகில் வீசினோம்?

இவ்வளவு தெளிந்த பிறகு நாம் செய்ததுதான் வெட்கக்கேடு.

பாஸ்கு விழா முடிந்து மே மாதத்தில் நம் குருத்துவ வெள்ளி விழா வந்தது. இரண்டு நாளுக்கு முன் ஊரிலிருந்து வந்த தங்கை, நம் தலையை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணே, இந்தப் படம்தான் காலத்துக்கும் வீட்டுக் கூடத்துல தொங்கப்போகுது. ஒரு தடவை பூசினா என்ன?" என்று பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். ஒருமுறை மறுத்தோம். இரண்டாம் முறை கதவைத் தாழிட்டுக்கொண்டு பூசினோம். நமக்கு மேஸ்திரி எவருமில்லை. படிக்க வைக்க மகள் இல்லை. சட்டமிட்ட ஒரு படத்துக்காகப் பூசினோம்.

மறுநாள் காலை நெற்றியும் காது மடல்களும் அரித்தன. மாலைக்குள் இமைகள் வீங்கிக் கண் திறக்க இயலவில்லை. வெள்ளி விழாத் திருப்பலியைக் கருப்புக் கண்ணாடி அணிந்து நிறைவேற்றிய குரு என்ற பெயர் நமக்கு வந்து சேர்ந்தது. அந்தப் படம் இன்றும் தங்கை வீட்டில் தொங்குகிறது. அதை அகற்றச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

தோல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கருஞ்சாயங்கள் பெரும்பாலானவற்றில் பாரா பினைலின் டையமின் என்ற வேதிப்பொருள் உண்டு. முடிக்கு நிலைத்த கருமை தருவது அதுவே. சிலருடைய உடல் அதை ஏற்காது. ஒருமுறை பகைத்துக்கொண்ட உடல் பிறகு மறப்பதில்லை. அடுத்த முறை இன்னும் கடுமையாக வெகுளும். ஆகவே பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே, காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிப் பார்க்க வேண்டும். நாம் பூசிய பொட்டலத்திலும் அது அச்சிடப்பட்டே இருந்தது. எழுத்து சிறிது, நம் அவசரம் பெரிது. சில நிமிடங்களில் கருக்கும் கருமருதாணியிலும் இதே பொருள் கலக்கப்படுவதுண்டு என்று அவர் எச்சரித்தார்.

சொல்லக் கேட்கும்போதே நமக்கு மூன்றாம் வரிசை நினைவுக்கு வந்தது. நேரே அவர் வீட்டுக்குப் போனோம். "தலை அரிக்குமா?" என்று கேட்டோம். சட்டைக் காலரை இறக்கிப் பிடரியைக் காட்டினார். புண்ணாகித் தழும்பேறிக் கிடந்தது. "அரிக்கும் சாமி. ரெண்டு நாள் இருக்கும், அப்புறம் அடங்கிடும்" என்றார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவர் அந்த நெருப்பைத் தலையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

இவ்வளவும் எழுதிய பிறகு, இளமைத் தோற்றத்தை விரும்புவதே தவறு என்று நாம் சொல்லப்போவதில்லை. பொட்டலத்தையும் பழிக்க மாட்டோம். நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த கடலூரில்தான் சின்னிகிருஷ்ணன் என்பவர், செல்வர் வீட்டுப் பொருள் கூலிக்காரரின் கைக்கும் எட்ட வேண்டும் என்று சிறு பொட்டலங்களில் விற்கத் தலைப்பட்டார். அவருடைய மகன் ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தொடங்கிய தொழிலின் சிக் ஷாம்பு, பொட்டலமாகவே சிற்றூர்களைச் சென்றடைந்தது. ஏழையும் தலை குளித்து மணமாக நடக்கலாம் என்றானதில் ஒரு நீதி இருக்கிறது.

நாம் அஞ்சுவது வேறொன்றை. அறுவைச் சிகிச்சைக்கு இலட்சங்கள் செலவிட வல்லவர் மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கிறார். வசதியற்றவர் பெட்டிக்கடையின் கண்காணிப்பில் இருக்கிறார். முகம் வெளுக்கவென்று மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு முதல் சில வாரங்கள் பளபளப்பைத் தரும். பின்னர் தோல் மெலிந்து சிவந்து, பருவும் மயிரும் முளைக்கும். இதனாலேயே 2018இல் நடுவண் அரசு அத்தகைய 14 களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்றது. பாதரசம் கலந்த சிவப்பழகுக் களிம்புகளால் சிறுநீரகம் பழுதுற்றவர்களைக் கேரளத்தின் மலப்புறம் மாவட்ட மருத்துவர்கள் 2023இல் கண்டறிந்தனர். மலிவாக வாங்கிய இளமைக்கு அவர்கள் தந்த விலை அது.

காசு அதிகம் கேட்காத வழிகளும் உள. உங்கள் முன்னங்கையைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத் தோலும் புறத்தோலும் ஒரே வயதுடையவை. ஆனால் ஒன்று மற்றதைவிட இளமையாகத் தெரியும். வெயிலின் வேலை அது. ஆகவே பாட்டியின் குடை எந்தக் களிம்புக்கும் குறைந்ததன்று. புகைப்பவரின் தோல் விரைவில் சுருங்குகிறது. அதை விட்டால் காசும் மிச்சமாகும். நம் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடாத விடியற்பொழுதில் நடக்கும் முதியவர்களைப் பாருங்கள். நிமிர்ந்த முதுகு பத்து வயதைக் குறைத்துக் காட்டுகிறது. சாயம் வேண்டுமெனில் மருதாணியும் அவுரியும் உள்ளன. அவுரி நமக்கு அந்நியமன்று. அந்த நீலத்தில் தோய்த்த புதுச்சேரித் துணிகள் கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல்வரை சென்றன. கலப்படமற்ற இலைப்பொடியா என்று பார்த்து வாங்கி, அதையும் முதலில் தோலில் தடவிச் சோதித்த பின்னரே பூச வேண்டும்.

நரையை மறைக்காமல் வாழவும் நமக்கு முன்மாதிரி உண்டு. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1999இல் முதியோருக்கு ஒரு மடல் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. நடுங்கும் கையையும் தடுமாறும் குரலையும் உலகின் கண்முன் மறைக்காமல், 2005 ஏப்ரலில் இறக்கும்வரை பணியில் இருந்தார். ஆனால் அவரை எவரும் வாசலிலிருந்து விலக்கிவிட முடியாது. நம் காவலாளியை விலக்கலாம். நரைக்கு மாண்பு வேண்டுமென்று நரைத்தவரிடம் பேசிப் பயனில்லை; வேலை கொடுப்பவரிடம் பேச வேண்டும். நம் பங்குகளில் கடை வைத்திருப்போர், நிறுவனம் நடத்துவோர் பலர் இவ்விதழைப் படிக்கிறீர்கள். உங்கள் வாசலில் நிற்பவரின் தலையைப் பாருங்கள். நரை தெரிந்தால் ஒன்றும் சொல்லாதீர்கள். கருகருவென்றிருந்தால், "அரிக்கிறதா?" என்று ஒரு சொல் கேளுங்கள்.

மருத்துவர் கொடுத்த சீட்டுடன் அவர் தம் நிறுவனத்துக்குப் போனார். வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் கடை வாசலிலிருந்து ஒரு கிடங்குக்கு இரவுப் பணியாக மாற்றிவிட்டார்கள். வருத்தம் தெரிவித்தோம்.

"இருக்கட்டும் சாமி. ராத்திரியில யாரு தலையைப் பார்க்கப் போறாங்க?" என்றார்.

இப்போது அவர் விடியற்காலையில் பணி முடித்து நேரே முதல் திருப்பலிக்கு வருகிறார். அதே மூன்றாம் வரிசை. புண் ஆறிய தலையில் நரை முழுதாக வளர்ந்துவிட்டது. உறக்கம் கண்ணை அழுத்த, நன்மை வாங்க நம் முன் வந்து நிற்கிறார். அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும் நம் தலையும் இப்போது வெண்மையே.

சக்கறிஸ்துக் கண்ணாடி இன்னும் அங்கேயே தொங்குகிறது. மறையுரை ஆற்றப் புறப்படும் முன் அதில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.