கதை முடிந்த பின்

ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் பங்குகளில் நடைபெறும் மறைக்கல்வி வகுப்புகளை நோக்கினால், பெரும்பாலும் ஒரே நடைமுறையைக் காணலாம். விவிலியக் கதை ஒன்று சொல்லப்படும். கதை முடிந்ததும், "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன?" என்று ஆசிரியர் வினவுவார். பிள்ளைகள் ஒரே குரலில் விடை சொல்வார்கள்: கீழ்ப்படிய வேண்டும், பொய் சொல்லலாகாது, பிறருக்கு உதவ வேண்டும். தாவீதின் கதையாயினும் தானியேலின் கதையாயினும் விடை இம்மூன்றனுள் ஒன்றாகவே இருக்கும். கதையைக் கேளாத பிள்ளையும் இவ்விடையைச் சொல்லிவிட முடியும் என்பதே இதிலுள்ள குறை.

எங்கள் பங்கில் மறைக்கல்விப் பணி செய்யும் நாங்கள் எழுவர் இதைப் பற்றி அடிக்கடி பேசி வந்திருக்கிறோம். பிள்ளைகளிடம் நற்பண்பு வளர வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கதையைப் பிழிந்து, சாற்றை மட்டும் ஊட்டினால் அது வளருமா என்பதே எங்கள் கேள்வி.

இறைவாக்கினர் நாத்தான் தாவீதிடம் சென்ற நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம். பத்சேபாவைக் கவர்ந்து, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட அரசனிடம், "நீர் செய்தது பாவம்" என்று நாத்தான் தொடங்கவில்லை. ஓர் ஏழையையும், மகளைப்போல் அவன் வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியையும், அதைப் பறித்து விருந்தாக்கிய செல்வனையும் பற்றிச் சொன்னார். கதையில் தன்னை மறந்த தாவீது அச்செல்வன்மீது சினம் கொண்டு தீர்ப்பும் கூறிவிட்டார். அதன் பின்னரே அந்தச் செல்வன் யார் என்பது அவருக்குத் தெரிந்தது. நாத்தான் பாடத்தை முதலில் சொல்லியிருந்தால் கதைக்கு வேலையே இருந்திராது. நாத்தானின் தலைக்கும் உறுதி இருந்திராது!

நம் ஆண்டவரும் இவ்வழியையே பின்பற்றினார். நல்ல சமாரியர் உவமையின் முடிவில் அவர் விடை கூறவில்லை, கேள்வி கேட்டார். விடை கூறும் பொறுப்பு திருச்சட்ட அறிஞரின் தலையிலேயே விழுந்தது. ஊதாரி மகன் உவமையிலும், வெளியே நின்ற மூத்தவன் இறுதியில் வீட்டினுள் சென்றானா இல்லையா என்பதை லூக்கா சொல்லவேயில்லை. அவ்விடத்தில் எங்கள் வகுப்பில் எழும் கூச்சல் கொஞ்சமன்று. தம்பி தங்கை உள்ள பிள்ளைகள் எல்லாரும் மூத்தவன் பக்கமே!

இவ்வாறு சொல்வதால் நாங்கள் மனப்பாடத்தை இழிவாகக் கருதுகிறோம் என்று எவரும் கொள்ள வேண்டா. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், மன்றாட்டுகளைத் தமிழாக்கச் செய்து, தெருத் தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு அவற்றைச் சொல்லிக் கொடுக்கும் பணியை அப்பிள்ளைகளிடமே ஒப்படைத்தார். நோயாளிகளிடம் செபிக்கவும் அவர்களையே அனுப்பினார். பின்னர் அன்றிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலையும், மறு ஆண்டு கொச்சியில் வினாவிடையாக அமைந்த 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் நூலையும் அச்சிட்டார். நம் பாட்டிமார் இருளிலும் தடுமாறாமல் செபமாலை சொன்னது அந்த மரபின் கொடை. ஆயினும் ஒன்றை மறந்துவிடுகிறோம். சவேரியார் பிள்ளைகளைக் கற்பவர்களாக மட்டும் வைத்திருக்கவில்லை. நோயாளியின் வீட்டு வாசலுக்கு அனுப்பி வைத்தார். அதுவே 'செயல்பாடு'.

இன்று அச்சொல்லுக்குப் பெரும்பாலும் வண்ணந்தீட்டுதல் என்றே பொருள் கொள்கிறோம். வண்ணந்தீட்டுதல் தீதன்று; அரைமணி நேரம் வகுப்பில் அமைதி நிலவும். ஆனால், நோவாவின் பேழைக்குப் பச்சை பூசியதால் ஒரு பிள்ளையின் குணம் மாறியதை நாங்கள் கண்டதில்லை. விவிலிய வினாடி வினாவும் அத்தகையதே. மெத்துசேலா வாழ்ந்தது 969 ஆண்டு என்று அறிந்த பிள்ளைக்குப் பரிசு உண்டு. அதே வகுப்பில் எழுதுகோல் இல்லாத நண்பனுக்குத் தன்னுடையதைக் கொடுத்த பிள்ளைக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

1954-இல் உரோமை நகரில் சோஃபியா கவலெத்தி அம்மையார், மரியா மாண்டிசோரியின் வழிவந்த ஜியான்னா கோப்பி என்பவருடன் சேர்ந்து தொடங்கிய மறைக்கல்வி முறை இங்கு நினைவுகூரத்தக்கது. மரத்தாலான சிறு ஆயனையும் ஆடுகளையும் குழந்தையின் கையில் கொடுத்து, நல்லாயன் உவமையைச் சொல்லிவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார். அந்த ஆடுகள் யார் என்று குழந்தை தானே கண்டுகொள்ளும்வரை காத்திருக்கிறார். காத்திருத்தல்தான் நமக்கு வராத கலை.

சென்ற ஆண்டு பங்குத் திருவிழாவிற்கு நல்ல சமாரியர் உவமையை நாடகமாக நடத்த முடிவு செய்தோம். முதலில் ஒத்திகை இல்லை; ஐந்து வாரம் கதை மட்டுமே. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம் என்றதும், கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்தில் வாந்தி எடுத்த கதைகளைப் பிள்ளைகள் கூறினார்கள். சாவடிக்காரரிடம் சமாரியர் கொடுத்தது இரண்டு தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. "உங்கள் வீட்டில் அது எவ்வளவு?" என்று கேட்டோம். ஒவ்வொருவரும் ஒரு தொகை சொல்ல, ஒரு சிறுவன் மட்டும் எதையோ கணக்கிட்டுக்கொண்டிருந்தான். "எங்கப்பாவுக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலை சார். ரெண்டு நாள் கூலியைக் கொடுத்துட்டா வீட்டுல என்ன செய்வாங்க?" என்றான். உதவுவது நல்லது என்று மட்டுமே அறிந்திருந்த வகுப்பு, உதவி செய்தவருக்கும் வீடு ஒன்று இருந்திருக்கும் என்பதை அன்று அறிந்தது.

அடுத்த வாரம் ஒரு சிறுமி கேட்ட கேள்வி அதனினும் கூர்மையானது. "சமாரியர் தண்ணி கொடுத்திருந்தா, அடிபட்டவர் குடிச்சிருப்பாரா?" சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட பகுதியை அவளுக்கு நாங்கள் அப்போது சொல்லியிருக்கவில்லை. யூதரும் சமாரியரும் பழகாததைப் பற்றி யோவான் அங்கே கூறும் சொல்லுக்கு, ஒரே பாத்திரத்தைப் புழங்காமை என்றும் பொருள் கொள்ளும் அறிஞர் உளர். அச்சிறுமிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. தேநீர்க் கடையில் யாருக்கு எந்தக் குவளை என்பதைக் கேட்டு வளர்ந்த ஊர்ப் பிள்ளை அவள்.

பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கியே பிரித்தோம். சமாரியர் வேடம் கீழத்தெருச் சிறுவனுக்கும், அடிபட்டவர் வேடம் கோயில் தெருச் சிறுவனுக்கும் விழுந்தது. காயத்தில் வார்க்கத் திராட்சை இரசத்துக்குப் பதிலாகப் பன்னீர் சோடா என்று முடிவாயிற்று. ஒத்திகையில் பாதிக் காயத்துக்கும் மீதி கள்வரின் வயிற்றுக்குமாகப் போனது. மூன்றாம் ஒத்திகையன்று மாலை, அடிபட்டவராக நடித்த சிறுவனின் தந்தை வந்தார். "நாடகம் போடுங்க சார், வேணாங்கல. தூக்கிட்டுப் போறதுக்கு மட்டும் வேற பையனைப் போடுங்களேன்" என்றார். காரணம் அவரும் சொல்லவில்லை. எங்களில் எவரும் கேட்கவுமில்லை. ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குபவர் அவர்.

அன்றிரவு எங்களுக்குள் நடந்த விவாதம் எளிதாக முடியவில்லை. திருவிழா நேரத்தில் சச்சரவு வேண்டாம், ஒரு வேடத்தை மாற்றுவதில் என்ன குறைந்துவிடும் என்றனர் இருவர். மாற்றுவதானால் இந்த உவமையையே கைவிட்டு வேறொன்றை நடத்துவோம், நோவாவின் பேழை எவரையும் புண்படுத்தாது என்றார் மற்றொருவர், சற்றுக் கசப்புடன். பங்குத்தந்தை எங்கள் முடிவுக்கே விட்டுவிட்டார். இறுதியில் வேடங்கள் மாறவில்லை. கோயில் தெருச் சிறுவன் அதற்குப்பின் ஒத்திகைக்கு வரவில்லை. வேறொரு சிறுவன் சாலையில் விழுந்து கிடந்தான்.

திருவிழா இரவில் அந்தத் தந்தையும் மகனும் பந்தலின் ஓரத்தில் நின்று நாடகம் பார்த்தனர். சாவடிக் காட்சி முடியும்வரை நின்றார் அவர். எவரிடமும் பேசாமல் சென்றார். அடுத்த ஞாயிறு மகன் வகுப்புக்கு வந்து, தான் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்தான். தந்தையின் மனம் மாறிவிட்டது என்று எழுதினால் படிப்போர் மகிழக்கூடும். நாங்கள் அறியாததை எழுதுவதற்கில்லை. ஒன்று மட்டும் கண்டோம்: பின்னர் நடந்த அசனத்தில், பாத்திரம் கழுவ நின்ற பிள்ளைகளின் வரிசையில் அவனும் சமாரியராக நடித்தவனும் அடுத்தடுத்து நின்றார்கள். எவரும் அவ்வாறு நிறுத்தவில்லை.

திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையிலும் வகுப்பு இரண்டாகப் பிரிவதுண்டு. மாலை 5 மணிக்கு வந்தவனுக்கும் முழுக்கூலியா என்று மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கொதிப்பார்கள். விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்குடன் நாற்சந்தியில் நின்று, எவரும் கூப்பிடாமல் திரும்பிவரும் பெற்றோரையுடைய பிள்ளைகள் மட்டும் அமைதியாக இருப்பார்கள். "அவங்க சும்மா நிக்கல, வேலை கெடைக்கல" என்று ஒருத்தி ஒருமுறை சொன்னாள். உவமையிலும் அவ்வேலையாள்கள் அதையே விடையாகச் சொல்கிறார்கள் என்பதை அதற்குமுன் நாங்கள் இவ்வளவு ஊன்றிப் பார்த்ததில்லை.

வரும் தவக்காலத்தில் ரூத்தின் கதையை எடுக்க எண்ணியிருக்கிறோம். மோவாபு நாட்டிலிருந்து வந்த கைம்பெண், போவாசின் வயலில் கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றிய கதை அது. அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அயலாருக்கும் விட்டுவைக்க வேண்டும் என்பது பழைய சட்டம். அச்சட்டத்தால்தான் அவ்விரு பெண்களும் பிழைத்தார்கள். எங்கள் வட்டாரத்திலும் கதிர் பொறுக்கி ஒரு வாரக் கஞ்சிக்கு வழி தேடிய பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். இருவரை வகுப்புக்கு அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால், அறுவடை இயந்திரம் வந்தபின் வயலில் பொறுக்குவதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. "அப்படின்னா இப்போ ரூத்து எங்கே போவாங்க?" என்று எவரேனும் ஒரு பிள்ளை கேட்பது உறுதி. அக்கேள்வியை எந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது என்றுதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.