புயல் எச்சரிக்கையும் மக்கள் நம்பிக்கையும்

நமது சங்கத்தின் மாத இதழில் இலக்கியக் கட்டுரைகளும், விழாச் செய்திகளும், குழந்தைகளின் கலைநிகழ்ச்சிகளைப் பற்றிய குறிப்புகளும் வெளிவருவது வழக்கம். அரசாங்கத்தைப் பற்றியும் விஞ்ஞானத்தைப் பற்றியும் எழுதுவதற்கு, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு என்ன தகுதி உண்டு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். தகுதி ஒன்றே ஒன்றுதான். ஒடிசா மாநிலத்தில் குர்தா ரோடு சந்திப்பை அடுத்துக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுள் என் குடும்பமும் ஒன்று. ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்னரும் பின்னரும் புயற்காலம் வருகின்றது. அப்பொழுதெல்லாம், "அரசாங்கம் சொல்வதை நம்பலாமா?" என்ற கேள்வி நம் ஒவ்வொருவர் வீட்டிலும் எழுகின்றது. அக்கேள்விக்கு, நான் கண்டவற்றையும் கேட்டவற்றையும் கொண்டு விடை காண முயல்கின்றேன்.

விஞ்ஞானத்தின் துணைகொண்டு ஆட்சி நடைபெற வேண்டும் என்பது நம் நாடு ஏற்றுக்கொண்ட கொள்கை. 1958-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நேருவின் அரசாங்கம் விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானத்தை வெளியிட்டது. 1976-ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம், விஞ்ஞான மனப்பான்மையை வளர்த்தலைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக்கியது. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயினும் கடமை என்று எழுதிவைத்த அளவில் ஒருவன் உள்ளத்தில் நம்பிக்கை பிறந்துவிடுவதில்லை. அது எவ்வாறு பிறக்கின்றது என்பதைக் காண, ஒடிசாவின் கடற்கரையைவிடத் தக்க இடம் வேறில்லை.

நம் நாட்டில் வானிலைத் துறை தோன்றியதே துன்பத்தின் காரணமாகத்தான். 1864-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866-ஆம் ஆண்டிலும் 1871-ஆம் ஆண்டிலும் பருவமழை பொய்த்தது. இவற்றின் பின்னர், 1875-ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. அத்துறை வளர்ந்துவந்த போதிலும், கடலோர மக்களின் துன்பம் உடனே நீங்கிவிடவில்லை. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் வண்டியைக் கடல் கொண்டதும், அதிலிருந்தோர் நூற்றுவருக்கு மேல் மாண்டதும் இரயில்வேயில் பணிபுரியும் தமிழர் எவரும் மறக்கக்கூடியன அல்ல.

ஒடிசா மக்களுக்கு அத்தகைய மறக்க இயலாத நாள் 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29. மணிக்கு ஏறத்தாழ 260 கி.மீ. வேகத்தில் வீசிய சூறாவளி பாராதீப்புக்கு அருகே கரையைக் கடந்தது. 5 முதல் 6 மீட்டர் உயரத்துக்குக் கடல் எழும்பி ஊர்களுக்குள் புகுந்தது. மாண்டவர் தொகை பதினாயிரத்தை நெருங்கியது. அவர்களுள் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஜகத்சிங்பூர் என்ற ஒரே மாவட்டத்தினர்.

எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலை செய்துவந்த மூதாட்டி ஒருவர், அம்மாவட்டத்தின் எர்சமா பகுதியைச் சேர்ந்தவர். அவரை நாங்கள் எல்லோரும் 'மாவுசீ' என்றே அழைப்போம். ஒடிய மொழியில் அதற்குச் சிற்றன்னை என்று பொருள். கணவரையும் இரு மக்களையும் அன்று இழந்தவர் அவர். "அன்றைக்கு எச்சரிக்கை ஒன்றும் வரவில்லையா, மாவுசீ?" என்று ஒருமுறை நான் கேட்டேன். அவர் சொன்ன விடையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. "வானொலியில் சொன்னார்கள், மகனே. காற்று வரும், கடல் வரும் என்றெல்லாம் சொன்னார்கள். எங்கே போவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மண் சுவர் இல்லாத வீடு ஒன்றுகூடக் கிடையாதே!" என்றார்.

அன்பர்களே, இதை நாம் ஊன்றிச் சிந்திக்க வேண்டும். அன்றும் விஞ்ஞானம் தன்னால் இயன்றவரை பேசியது. ஆயினும் அதன் சொல்லை ஏற்று நடப்பதற்கு ஓர் ஏழைக்கு வழி இருக்கவில்லை. போக்கிடம் காட்டாத எச்சரிக்கை அச்சத்தைத் தருமேயன்றி உயிரைக் காக்காது. அத்தகைய எச்சரிக்கையைச் செவியுற்றும் எழாமல் இருப்பவனை அறிவிலி என்று கூறுவது நியாயமாகாது.

அப்பேரழிவுக்குப் பின்னர் மாநில அரசாங்கம் பேரிடர்த் தணிப்புக்கென்று தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. கடலோரம் நெடுகிலும் கான்கிரீட் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டிய புயற் காப்பகங்கள் எழுந்தன. 2019-ஆம் ஆண்டுக்குள் அவற்றின் எண்ணிக்கை 800-ஐக் கடந்துவிட்டது. புயல் இல்லாத நாட்களில் அவற்றுட் பல பள்ளிக்கூடங்களாகப் பயன்படுகின்றன. குழந்தை நாள்தோறும் படிக்கும் கட்டிடத்துக்குள் அதன் பாட்டி புயல் நாளில் அஞ்சாமல் நுழைகின்றாள். ஊர்தோறும் இளைஞர்களைத் தேர்ந்து பயிற்சியும் அளித்தார்கள். ஆகவே கதவைத் தட்டி, "எழுந்து வாருங்கள்" என்று சொல்பவன் முன்பின் அறியாத அதிகாரியாக இருப்பதில்லை. அடுத்த தெருப் பையனாகவே இருக்கின்றான்.

இவற்றின் பயன் 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் தெரிந்தது. கோபால்பூருக்கு அருகே 'பைலின்' புயல் கரை கடப்பதற்கு முன்னர், ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றுவிட்டார்கள். வெளிநாட்டு ஆய்வாளர் சிலர் புயல் இன்னும் கடுமையாக இருக்கும் என்றனர். நம் வானிலைத் துறையோ, மணிக்கு 210 முதல் 220 கி.மீ. என்ற தன் கணிப்பிலேயே உறுதியாக நின்றது. நிகழ்ந்ததும் அதனை ஒட்டியே இருந்தது. ஒடிசாவில் உயிரிழந்தோர் தொகை 50-க்கும் குறைவு. 1999-ஆம் ஆண்டின் தொகையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்த மக்களுக்கு வேறு பிரசாரம் எதுவும் தேவைப்படவில்லை.

எங்கள் இரயில்வே உலகிலிருந்து ஓர் உவமை சொல்ல விரும்புகின்றேன். இருட்டிலே வண்டியை ஓட்டிச் செல்லும் டிரைவர், கைகாட்டியைக் கண்ணால் கண்டதும் நம்புகின்றாரே, ஏன்? அதை அமைத்தவர் எந்தக் கட்சி, எந்தச் சாதி என்று அவர் கேட்பதில்லை. கைகாட்டியின் பொறியில் கோளாறு நேர்ந்தால், அது வழி விடாமல் 'நில்' என்ற நிலையிலேயே இருக்கும்படி அமைத்திருக்கின்றார்கள் என்பது அவருக்குத் தெரியும். தன் குறையை மறைக்காத கருவியாதலால் அதனிடம் நம்பிக்கை பிறக்கின்றது. வானிலைத் துறையும் இதனையே செய்கின்றது. புயல் செல்லக்கூடிய பாதையை ஒரே கோடாக வரைந்து காட்டாமல், நாட்கள் செல்லச் செல்ல விரியும் கூம்பு வடிவமாகக் காட்டுகின்றது. "இந்த எல்லைக்குள் எங்கும் போகலாம்" என்பது அதன் பொருள். 72 மணி நேரத்துக்கு முன் முதற்குறிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் விழிப்பறிவிப்பு, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரை கடந்த பின் நேரக்கூடியவை பற்றிய அறிவிப்பு என்று படிப்படியாகச் சொல்லும் முறையும் அத்தகையதே.

இனி, எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். 2019-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் என் பெரியப்பாவும் பெரியம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். மே 2, 3 ஆகிய நாட்களில் பூரியில் தங்கி ஜகந்நாதரைத் தரிசிக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அந்நேரத்தில் 'பானி' புயல் பற்றிய செய்தி வந்தது. பெரியப்பா நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர். எந்த அரசாங்கத்தையும் எளிதில் நம்பாதவர். "இது தேர்தல் காலம், தம்பி. ஏதாவது செய்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாமா? அதற்குத்தான் இந்தப் பூச்சாண்டி" என்றார். அவருடைய கைப்பேசியிலும், புயல் திசை மாறிவிட்டதாக யாரோ தமிழில் பேசி அனுப்பிய செய்தி ஒன்று இருந்தது.

நான் படங்களைக் காட்டினேன். கூம்பு வடிவத்தையும் விளக்கினேன். அவர் அசையவில்லை. மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து திரும்பி, நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் இரத்துச் செய்யப்பட்டதையும், பூரியிலிருந்த யாத்திரிகர்களை வெளியேற்றச் சிறப்பு வண்டிகள் விடப்படுவதையும், பயணச்சீட்டுப் பணம் திருப்பித் தரப்படுவதையும் சொன்னேன். பெரியப்பா சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்து, "மூட்டையை அவிழ்த்துவிடு. கையிலே வந்த காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒருவன் சொல்கிறான் என்றால், அவனே அதை நம்புகிறான் என்றுதான் பொருள்" என்றார்.

கடைக்காரருடைய இந்த அளவுகோலைவிடச் சிறந்த ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. விஞ்ஞானத்தை நம்புங்கள் என்று அரசாங்கம் மக்களுக்கு உபதேசம் செய்தால் மட்டும் போதாது. தான் அதனை நம்புவதை, தன் பொருளையும் உழைப்பையும் முன்கூட்டியே செலவிட்டுக் காட்ட வேண்டும். அதனைக் கண்ணாற் கண்ட பின்னரே மக்கள் நம்புவார்கள்.

மே 3-ஆம் நாள் காலையில் பூரிக்கு அருகே அப்புயல் கரை கடந்தது. மணிக்கு 175 முதல் 180 கி.மீ. வரை வீசிய காற்றின் ஓலத்தை நாங்கள் வீட்டுக்குள் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். மாவுசீ முதல்நாள் மாலையிலேயே தம் துணிமூட்டையுடன் பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குப் போய்விட்டார். ஒடிசாவில் வாக்குப்பதிவு முடிந்து நான்கே நாட்கள் ஆகியிருந்தன. எந்தச் சின்னத்துக்கு வாக்களித்தவரும் ஒரே காப்பகத்தின் படிகளில்தான் ஏறினர். அம்முறை இடம்பெயர்ந்தோர் பன்னிரண்டு இலட்சம் பேர். அரசாங்கக் கணக்கின்படி உயிரிழந்தோர் 64 பேர்.

அதன் பின்னர் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரமும் குடிநீரும் இன்றிப் பல நாட்கள் துன்புற்ற புவனேசுவர மக்கள், தெருவில் இறங்கிக் கண்டனம் தெரிவித்தார்கள். புயற் கணிப்பை முழுமையாக நம்பியவர்கள்தாம், மின்சாரம் வரத் தாமதமானதைக் கண்டு கொதித்தார்கள். இதில் முரண்பாடு இல்லை. நம்பிக்கை என்பது பக்தி அன்று. சரியானதைச் சரி என்றும், தவறானதைத் தவறு என்றும் கணக்கிட்டுச் சொல்வதே அதன் இலக்கணம்.

நம் தமிழகத்துக் கணக்கில் தீராத கடன் ஒன்று நிற்கின்றது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'ஒக்கி' புயல் குமரிமுனைக்கு அருகே விரைந்து வலுப்பெற்றபோது, ஆழ்கடலுக்கு ஏற்கெனவே சென்றுவிட்ட மீனவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. குமரி மாவட்டத்திலும் கேரளக் கடற்கரையிலும் எத்தனையோ குடும்பங்கள் ஆதரவிழந்தன. கரையில் இருப்பவனுக்குக் கிடைக்கும் விஞ்ஞானம் கடலில் இருப்பவனுக்கும் கிடைத்தால்தான் அது பொதுச் சொத்தாகும்.

நாமும் ஒருவகையில் கடலில் இருப்பவர்களே. இங்கு ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பு ஒடிய மொழியில் இருக்கின்றது. புதிதாக வந்த நம்மவர் பலருக்கும், துணைக்கு வந்திருக்கும் முதியோருக்கும் அது விளங்குவதில்லை. தமிழில் வருவதோ பெரும்பாலும் யாரோ எவரோ பரப்பும் வதந்தி. ஆகையால் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்களைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கின்றேன்.

முதலாவது, புயற்காலத்தில் வானிலைத் துறையின் அறிவிப்பை, வெளியான நேரத்தைக் குறிப்பிட்டு, உடனுக்குடன் தமிழில் தருவதற்கு இரண்டு அன்பர்களை நியமிக்க வேண்டும். இரண்டாவது, நம் குடும்பங்கள் வசிக்கும் பகுதிகளுக்கு அண்மையிலுள்ள காப்பகங்கள் எவை என்பதை இவ்விதழில் அச்சிட வேண்டும். மாவுசீக்கு 1999-இல் கிடைக்காத விடை அதுதான். மூன்றாவது, சங்கத்தில் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். வந்த எச்சரிக்கை, அது சொன்ன நாள், உண்மையில் நிகழ்ந்தது ஆகியவற்றை அதில் எழுதிவர வேண்டும். பலித்ததும் பலிக்காததும் இரண்டுமே அதில் இருக்கட்டும்.

அப்பதிவேட்டை எழுதும் வேலை எனக்குப் பழக்கமானதே. சங்கத்தார் கட்டளையிட்டால், வருகின்ற அக்டோபர் முதலே அப்பணியை ஏற்றுக்கொள்ளச் சித்தமாக இருக்கின்றேன்.